ரஸீன் ஹாஜியார் அறுத்துப் பார்த்த கட்டை

மஹய்யாவ,
கண்டி.
2025.02.14

அன்புள்ள அஹ்னாப் நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதம் போன மாதக் கடைசியில் கிடைத்தது. புனர்வாழ்வு நிலையத்தில் பிரித்து வாசித்துவிட்டு, நீல முத்திரை குத்தித் திரும்ப ஒட்டியிருந்தார்கள். உம்மாவுக்குச் சின்ன எழுத்து தெரிவதில்லை என்பதால் நான்தான் மூன்று தரம் வாசித்துக் காட்டினேன். நீங்கள் மெலிந்துபோனதாக எழுதியிருந்த வரியை மட்டும் மூன்று தரமும் விட்டுவிட்டேன்.

உம்மாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை. இரத்தத்தில் சீனி போன மாதம் கூடியிருந்தது, இப்போது பரவாயில்லை. இடியப்ப ஓடர் காலையில் நாலு வீட்டுக்குப் போகிறது. பிழிகிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன், அவிக்கிறது உம்மா. மழை விட்டுவிட்டது. விடியும்போது குளிர் மட்டும் கையை மரத்துப்போக வைக்கிறது.

நீங்கள் கேட்ட காரியத்தைத் தொடங்கிவிட்டேன். வேலை தருவதாக ஒரு முதலாளி எழுத்தில் கொடுத்தால், ஒரு வருடம் முடியும்வரை வைத்திருக்காமல் ஆறு மாதத்தில், அதாவது நோன்புப் பெருநாளுக்கு முன்பே, உங்களை விடுவார்கள் என்று அங்கே சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அந்த வரியைக் கேட்டதிலிருந்து உம்மாவின் நடையே வேறு. அடுத்த நாளே கட்டுகஸ்தோட்டைக்கு ரஸீன் ஹாஜியாரின் கத்திப் பட்டறைக்குப் போகச் சொன்னார். எனக்குத் தனியாகப் போய்ப் பேச வாய் வராது என்று உங்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டு வடிவம்மா அக்கா முனிசிப்பல் வேலை முடித்து வந்ததும் கூட்டிக்கொண்டு போனார்.

ஹாஜியாரிடம் பேசியது முழுக்க அவர்தான். நான் அவருடைய முதுகுக்குப் பின்னால் நின்றேன். ஹாஜியார் எங்களைக் கதிரையில் உட்காரச் சொல்லி பிளேன்டி ஊற்றித் தந்தார். பிறகு, “மொகத்தப் பாத்து நான் கடிதம் எழுதுறல்ல மகள். ஒங்கட ஊட்டுல கத்திப்பிடிக்கு ஒழுங்கான கட்ட செய்யேலும் எண்டு எனக்குக் காட்டுங்க. பன்னெண்டு கொண்டு வாங்க. அதுல நான் எடுக்கிற ஒண்ட நடுவால அறுப்பேன். உள்ளுக்கு இறுகி ஈந்தா அந்த நிமிசமே எழுதித் தாறேன்” என்றார். வடிவம்மா அக்கா, “பொண்ணு பாக்க வந்தாக்கூட இம்புட்டு சோதிக்க மாட்டாங்களே மொதலாளி” என்று கேட்டதற்கு, “பொண்ணுக்கு உள்ளுக்குப் பாக்க ஏலாதே” என்று அவரும் விடவில்லை. இருவரும் சிரித்தார்கள்.

நீங்கள் அறுத்துச் சாக்கில் போட்டு வைத்திருந்த மாங்கட்டைகள் அப்படியே இருக்கின்றன. பூஞ்சணம் பிடித்துக் கறுப்புக் கோடு விழுந்தவை. நகத்தால் அழுத்தினால் இன்னும் பாண் போல அமுங்குகின்றன. மரத்துக்குள் ஊறி இறுகுகிற ரெசின் கேனும் காற்றை உறிஞ்சுகிற பம்பும் கட்டிலுக்குக் கீழே இருந்தன. தெர்மோமீட்டர் இல்லை. அது ஏன் இல்லை என்று நான் எழுதத் தேவையில்லை.

சோதித்துப் பார்க்க முதலில் நாலு கட்டையை எடுத்தேன். நீங்கள் செய்வதைப் பார்த்திருந்ததால் முதல் பாதி கஷ்டமாக இருக்கவில்லை. ஈரம் போகக் காயவைத்து, ரெசினுக்குள் அமிழ்த்தி, பம்ப் போட்டு, குமிழி நின்றபிறகு ஒரு இரவு ஊறவிட்டேன். பிறகு ஒவ்வொன்றாக ஃபொயில் தாளில் சுற்றி, பின்பக்கத் தகரக் கொட்டிலில் இருக்கிற ஒவனுக்குள் வைத்தேன். உம்மா கேக் அடித்த அதே ஒவன்தான். இப்போது அதில் சாப்பாடு எதுவும் வைப்பதில்லை. உங்கள் கொப்பியில் “நூறில் ஒரு மணி நேரம்” என்று இருந்தது. பொத்தானை நூறுக்குத் திருப்பினேன்.

நாற்பது நிமிடம் போகவில்லை, ஃபொயில் இடுக்கால் ரெசின் நுரைத்துத் தட்டில் வழிந்தது. கண் எரிந்தது. வடிவம்மா அக்கா மதிலுக்கு மேலால் தலையை நீட்டி, “என்னா புள்ள, வீட்டுக்குப் பெயின்ட்டு அடிக்காம அவிச்சுக்கிட்டு இருக்க?” என்று கத்தினார். நான் பயந்துபோய்ப் பொத்தானைக் குறைத்தேன். இது நடந்தது ஒன்பதாம் திகதி, ஞாயிறு. அன்றுதான் பதினொரு மணி போல் நாடு முழுக்கக் கரன்ட் போனது, அங்கேயும் போயிருக்கும். ஏதோ குரங்கு பாய்ந்ததாம் என்று பின்னேரம் சொன்னபோது வடிவம்மா அக்கா, “குரங்கா? நான் ஒங்க வீட்டு ஒவன்தான் இழுத்துருச்சின்னு நெனச்சேன்” என்றார்.

அந்த நாலு கட்டையும் போய்விட்டன. மேலே தேன்கூடு போல மஞ்சள் பொருக்கு, நடுவில் வெடிப்பு. உங்கள் நூறு தெர்மோமீட்டர் காட்டிய நூறு என்றும், பொத்தானில் எழுதியிருக்கிற நூறு வேறு என்றும் எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. டவுனில் பேக்கரிச் சாமான் விற்கும் கடையில், கூர்க்கம்பி வைத்த தெர்மோமீட்டர் இருக்கிறதாம். கடைக்காரரிடம் கேட்க வேண்டியதைத் துண்டில் எழுதி வைத்திருக்கிறேன். நாளை போவேன்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். உம்மா ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் உங்களைக் கேட்டு அழுகிறார்.

உங்கள் தங்கை,
ஜஹானா


மஹய்யாவ,
கண்டி.
ரமழான் பிறை 12 (2025.03.13)

அன்புள்ள நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அங்கே ஸஹர் சாப்பாட்டுக்கு எழுப்பிவிடுகிறார்களா, நோன்பு திறக்கக் கஞ்சி கிடைக்கிறதா என்று உம்மா கேட்கச் சொன்னார். இங்கே இந்த வருடம் கஞ்சிக்கு இறைச்சி போடவில்லை, முருங்கை இலைதான். அதுவும் ருசியாகத்தான் இருக்கிறது.

நல்ல செய்தி எழுத நினைத்துத்தான் இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன். இல்லை. அதனால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

தெர்மோமீட்டர் வாங்கினேன். கட்டை எதுவும் வைக்காமல் வெறும் ஒவனை மூன்று நாள் பார்த்தேன். என் பழைய கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் கோடு போட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் எழுதினேன். பொத்தான் நூறில் நிற்கும்போது உள்ளே நூற்று முப்பத்தைந்துக்கு ஏறுகிறது, பிறகு சிவப்பு லைட் அணைந்து எண்பதுக்கு இறங்குகிறது, திரும்ப ஏறுகிறது. ரெசின் இறுகுவதற்குத் தொண்ணூற்று மூன்று, தொண்ணூற்று ஐந்து பாகை போதும் என்று கேனில் இருக்கிறது. அதற்கு மேலே போனால் இறுகுவதற்கு முன்பே கொதித்து வெளியே வந்துவிடும்.

உம்மாவின் பழைய ரொட்டிக் கல்லைக் கீழ்க் கம்பிச் சுருளுக்கு மேலே வைத்தேன், சூடு கட்டையில் நேராகப் படாதபடி. இரண்டு பக்கமும் செங்கல் இரண்டு. செங்கல் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்வதால் ஏற்ற இறக்கம் குறைந்தது. கொட்டிலுக்குள் குளிர்காற்று வரும் பக்கத்தைச் சாக்கால் மறைத்தேன், புகை போகிற பக்கத்தைத் திறந்தே விட்டேன். பொத்தானை எழுபதுக்கும் எண்பதுக்கும் நடுவில் ஓரிடத்தில் நிறுத்தினால் தொண்ணூற்று ஒன்றுக்கும் தொண்ணூற்று எட்டுக்கும் இடையில் நின்றது. அந்த இடத்தில் நெயில் பொலிஷால் ஒரு புள்ளி வைத்தேன். வடிவம்மா அக்கா பார்த்துவிட்டு, “ஒவனுக்கு மருதாணி வச்சி முடிஞ்சிச்சா, கல்யாணம் எப்ப?” என்றார்.

பிறகு ஒரு கழிவுக் கட்டையில் நடுவரை துளை போட்டு, தெர்மோமீட்டர் கம்பியை அதற்குள் விட்டுப் பார்த்தேன். ஒவன் இருபது நிமிடத்தில் சூடாகிவிடுகிறது. கட்டையின் நடு தொண்ணூற்று மூன்றுக்கு வர ஒரு மணி பத்து நிமிடம் எடுக்கிறது. நான்கு தரம் பார்த்தேன், நான்கு தரமும் அதேதான். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் அப்படியே வைக்க வேண்டும். மொத்தம் இரண்டு மணி பத்து நிமிடம் என்று கொப்பியில் எழுதி இரண்டு கோடு போட்டேன். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பிழை அதற்குப் பிறகுதான். பார்த்ததெல்லாம் காலை நேரத்தில். நோன்பு தொடங்கியதும் இடியப்பத்துக்குப் பகலில்தான் வேலை அதிகம், அதனால் பன்னிரண்டு கட்டையையும் பின்னேரம் ஐந்து மணிக்கு வைத்தேன். ஐந்தே முக்காலுக்கு உம்மா கூப்பிட்டார். கஞ்சி கரைத்து, பெட்டிஸ் பொரித்து, பேரீச்சம்பழம் எடுத்து வைத்து, பாங்கு சொன்னதும் நோன்பு திறந்து, மஃரிப் தொழுதுவிட்டுத் திரும்பக் கொட்டிலுக்குப் போகும்போது ஏழு மணி ஆக இருந்தது. தெர்மோமீட்டரில் தொண்ணூற்று ஒன்று. சரிதானே என்று நினைத்துக்கொண்டு, ஏழு பத்துக்கு அணைத்தேன்.

கட்டைகள் நல்ல அழகாக வந்தன, நானா. பொருக்கு இல்லை, வெடிப்பு இல்லை. நகம் இறங்கவில்லை. ஒன்றோடொன்று தட்டினால் பீங்கான் போலச் சத்தம். உம்மா ஒன்றைக் கையில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார். அன்றைக்கே உங்களுக்குப் பெருநாளுக்கு உடுக்கச் சாரம் எடுக்க வேண்டும் என்றார்.

நேற்று முன்தினம் வடிவம்மா அக்காவோடு கொண்டுபோனேன். ஹாஜியார் பன்னிரண்டையும் மேசையில் பரப்பி, ஓரத்தில் இருந்த ஒன்றை எடுத்து, இயந்திர வாளில் நடுவால் அறுத்தார். அறுத்து முடியும்போதே மணம் வந்துவிட்டது. இரண்டு துண்டையும் என் முன்னால் வைத்து, நடுவில் விரலை வைக்கச் சொன்னார். விரல் ஒட்டியது.

நான் அழவில்லை. வடிவம்மா அக்காதான், “நோம்பு புடிச்சிக்கிட்டு கெடந்து செஞ்ச புள்ள மொதலாளி, கொஞ்சம் பாத்து சொல்லுங்க” என்று கெஞ்சினார். ஹாஜியார் என்னைத் திட்டவில்லை. உங்களைப் பற்றித்தான் சொன்னார். “ஒன்ட நானா ஒரு காலத்துல எனக்கு நல்லாத்தான் செஞ்சி தந்த. கடைசியா தந்த இருவதுல பதினாலு திரும்பி வந்தீக்கு. அர மணித்தியாலத்துல எடுத்து வித்தீக்கான். வெளிநாட்டுக்காரன்ட கையில கத்திப்பிடி ஒட்டிச்சாம். நான் என்ன செல்ல, இது எங்கட ஊர் பலாப்பழம் எண்டா?” என்றார். எனக்கு இது முன்பு தெரியாது. உம்மாவிடம் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது மிச்சம் பதினொன்றையும் குப்பையில் போடத்தான் இருந்தேன். ஹாஜியார்தான் கூப்பிட்டு, “இது கெட்டுப்போகல்ல. திரும்ப உள்ளுக்கு வை. நேரம் காணாததுக்கு நேரம் குடுத்தாச் சரி. கருகினதத்தான் ஒண்டும் செய்யேலா” என்றார்.

எங்கே பிழை விட்டேன் என்று அப்போதும் விளங்கவில்லை. நேற்று வெறும் ஒவனைப் போட்டுவிட்டு, பேரீச்சம்பழத்தையும் ஒரு கிளாஸ் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு கொட்டிலிலேயே இருந்தேன். ஆறு மணிக்குப் பிறகு நம் ஒழுங்கையில் மேலிருந்து கீழ்வரை எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் கேத்தல், ரைஸ் குக்கர், மின்சார அடுப்பு. எங்கள் வீடு ஒழுங்கையின் கடைசி, கரன்ட் எங்களிடம் வரும்போது இளைத்துவிடுகிறது. கொட்டில் லைட் மஞ்சளாகச் சுருங்கியது. சிவப்பு லைட் எரிந்துகொண்டே இருக்க, தெர்மோமீட்டர் தொண்ணூற்று நாலிலிருந்து கீழே இறங்கியது. பாங்கு சொல்லும்போது எழுபத்தொன்று. ஒரு கையில் பழத்தை வைத்துக்கொண்டு மற்றக் கையால் அதை எழுதினேன். ஏழு மணிக்கு எல்லாம் பழையபடி. தெர்மோமீட்டருக்கு நடந்து முடிந்தது எதுவும் நினைவில் இருப்பதில்லை. பார்க்கிற நேரத்தை மட்டும்தான் காட்டும்.

உம்மாவுக்கு இன்னும் நம்பிக்கை இருக்கிறது. பெருநாளுக்கு நாள் இருக்கிறது என்கிறார். நான் திரும்ப வைப்பேன்.

ஸலாம்.

ஜஹானா


மஹய்யாவ,
கண்டி.
ரமழான் பிறை 22 (2025.03.23)

அன்புள்ள நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்தக் கடிதத்தையும் அங்கே பிரித்து வாசிப்பார்கள் என்று தெரியும். வாசிக்கட்டும். மூன்று தரம் எழுதிக் கிழித்துவிட்டேன், நாலாம் தரமும் கிழித்தால் எழுதாமலே விட்டுவிடுவேன்.

பதினொரு கட்டைக்கும் புதிதாக ஃபொயில் சுற்றி, ஊறவைத்திருந்த இன்னொன்றையும் சேர்த்து, போன செவ்வாய் காலை ஒன்பதே காலுக்கு ஒவனில் வைத்தேன். அந்த நேரம் ஒழுங்கையில் யாரும் அடுப்பு மூட்டுவதில்லை. துளை போட்ட கட்டையை நடுவில் வைத்து, ஒவனுக்குப் பக்கத்தில் பலகையில் உட்கார்ந்து, நண்பகல் லுஹர் பாங்கு சொல்லும்வரை எழும்பவில்லை. மூன்று மணி நேரம். கதவைத் திறக்கவில்லை. அணைத்த பிறகும் ஒவனுக்குள்ளேயே ஆறவிட்டேன்.

வியாழக்கிழமை வடிவம்மா அக்காவுக்கு வேலை. நான் தனியாகப் போனேன். பஸ்ஸில் கட்டுகஸ்தோட்டைக்கு டிக்கட் கேட்டது முதல் எல்லாம் நானே பேசினேன்.

ஹாஜியார் இந்தத் தரம் அடுக்கின் அடியிலிருந்து ஒன்றை உருவி அறுத்தார். நடு, ஓரம், இரண்டும் ஒரே நிறம். கறுப்புக் கோடு கண்ணாடிக்குள் இருப்பது போலத் தெளிவாக இருந்தது. விரலால் அழுத்தினார், மூக்குக்குக் கிட்டப் பிடித்தார், பிறகு இன்னொன்றை எடுத்து அதையும் அறுத்தார். சொன்ன பேச்சுக்கு ஒன்றுதானே என்று நான் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, “ஊமப் புள்ள எண்டு நெனச்சேன், வாய் ஈக்குதே! யாரு செஞ்ச இது?” என்றார். நான் என்று சொன்னேன்.

பேசியபடி அந்த இடத்திலேயே கடிதத் தாளை எடுத்து எழுதினார். உங்கள் பெயர், அடையாள அட்டை இலக்கம், தன் பட்டறையில் உங்களுக்கு நிரந்தர வேலை, எல்லாம் சிங்களத்திலும் தமிழிலும். கடை முத்திரையும் குத்தினார். கையெழுத்தை வைத்துவிட்டு, “நானா வந்தா நல்லம் தானே மகள்?” என்று சும்மாதான் கேட்டார். ஓம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. வெட்கத்தில் இல்லை, நானா. அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு பேனாவை மூடிச் சட்டைப் பைக்குள் வைத்து, “திகதி போடல்ல. எப்ப தேவையோ அப்ப நீயே போட்டுக்கோ. நான் வார்த்த மாற மாட்டேன்” என்று தாளை மடித்துத் தந்தார்.

அந்தத் தாள் என்னிடம்தான் இருக்கிறது.

வீட்டுக்கு வந்தபோது உம்மா வாசலில் நின்றார். என்ன நடந்தது என்று கேட்டார். நான் நோன்போடு பொய் சொன்னேன். இந்தத் தரமும் உள்ளே இறுகவில்லை, ஹாஜியார் எழுதித் தரவில்லை என்றேன். உம்மா உள்ளே போய், உங்களுக்கு எடுத்து வைத்திருந்த சாரத்தின் மடிப்பைத் திரும்பத் திரும்பச் சரிசெய்துகொண்டிருந்தார். எனக்கு அல்லாஹ்விடம் என்ன கணக்கு வரும் என்று தெரியவில்லை.

ஏன் சொன்னேன் என்று உங்களுக்கு எழுத வேண்டும்.

நீங்கள் போன நாளிலிருந்து அலுமாரிச் சாவி சுவரில் ஆணியில் தொங்கியது. யாரும் அதைத் தொடுவதில்லை, தொடுவதற்குத் தேவையும் இல்லை. போன புதன்கிழமை, நான் பட்டறைக்குப் போவதற்கு முதல்நாள், காலையில் உம்மா அதை எடுத்து, நீங்கள் வீட்டில் இருந்தபோது செய்தது போல நூலில் கோர்த்துக் கழுத்தில் போட்டுச் சட்டைக்குள் விட்டுக்கொண்டதைப் பார்த்தேன். ஒரு கையால் அதைச் செய்துகொண்டே, மற்றக் கையால் உங்கள் தலையணை உறையை வெயிலில் விரித்தார். அவருக்கே தான் செய்வது தெரியவில்லை என்று நினைக்கிறேன். தூக்கத்திலும் அந்தச் சாவியைப் பிடித்துக்கொண்டுதான் கிடக்கிறார்.

இன்னொன்று. எனக்குக் கணக்கு வராததால்தான் பத்தாம் வகுப்போடு நின்றேன் என்று நீங்கள் எல்லோரிடமும் சொல்கிறீர்கள். உம்மாவும் அதைத்தான் நம்புகிறார். கணக்கு எனக்கு வரும். ஒரு வியாழக்கிழமை பாடசாலை விடும் நேரம் நீங்கள் கேட்டடிக்கு வந்தீர்கள். உங்களுக்கு நினைவில்லாமல் இருக்கலாம், அன்று உங்கள் கண் என்னைப் பார்க்கவே இல்லை. தோட்டைக் கழற்றித் தா, பின்னேரம் தருகிறேன் என்றீர்கள். வலப்பக்கத்துத் தோடு கழன்றது. இடப்பக்கம் கொக்கி இறுகியிருந்தது. உங்களுக்கு அவசரம். இழுத்தீர்கள். என் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் நின்றார்கள். காதில் வந்த இரத்தத்தைத் துடைக்க ஷிபானா தன் லேஞ்சியைத் தந்தாள். உம்மாவிடம் குளிக்கும்போது விழுந்துவிட்டது என்று சொன்னேன். மறுநாளிலிருந்து நான் போகவில்லை.

உங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. எழுதாமல் விட்டால், நான் ஏன் இப்படிச் செய்தேன் என்று உங்களுக்கு விளங்காது. பொறாமை என்று நினைப்பீர்கள், அல்லது யாரோ சொல்லிக்கொடுத்தார்கள் என்று நினைப்பீர்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கடைசியாக எழுதியதில், இப்போது போதையில் ஆசையே வருவதில்லை, முழுக்கச் சுகம் என்று சொல்லியிருந்தீர்கள். அதற்கு முந்திய கடிதத்தில், இரவில் கை நடுங்குகிறது, யாரிடமும் சொல்லாதே என்று இருந்தது. இரண்டுக்கும் இடையில் பதினெட்டு நாள்தான். நான் இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

நீங்கள் நல்லவர் என்று எனக்குத் தெரியும். வாப்பா மவுத்தான வருடம் என் சப்பாத்துக்கு நீங்களே ஒட்டுப் போட்டுத் தந்தீர்கள். பம்ப்பை முதல்முதலாகப் போட்ட அன்று, மரத்துக்குள்ளிருந்து காற்று குமிழியாக வருவதைக் காட்ட என்னைத் தூக்கத்திலிருந்து எழுப்பினீர்கள். அந்த நானா வந்தால் நான் கேட்டடியிலேயே நிற்பேன். வேறு யாரும் வந்துவிடக் கூடாது. உம்மாவால் இன்னொரு தரம் ஏலாது. எனக்கும் ஏலாது.

அதனால் கேட்கிறேன், நானா. வருடம் முடியும்வரை அங்கேயே இருங்கள். இன்னும் ஆறு மாதம். அங்கே உங்களைக் கவனிப்பவர்களிடம், வேலைக் கடிதம் இப்போது வேண்டாம், நானாகவே முழுக் காலமும் இருக்கிறேன் என்று நீங்களே சொல்லுங்கள். உம்மாவுக்கு எழுதும்போதும் இதைச் சொல்லாதீர்கள், அவர் நாளைக்கே பட்டறைக்கு நடந்து போய்விடுவார். ஹாஜியார் எனக்கு மாதத்துக்கு நாற்பது கட்டை சொல்லியிருக்கிறார். வீட்டை நான் பார்த்துக்கொள்கிறேன். அந்தத் தாளில் ஒக்டோபரில் நான் என் கையாலேயே திகதி போட்டுக் கொண்டுவந்து தருகிறேன்.

இதை வாசித்துவிட்டு நீங்கள் என்னை வெறுத்தால் அதையும் எழுதுங்கள். ஆனால் எழுதுங்கள். பதில் வராமல் இருந்தால், பெருநாள் அன்று வாசலில் யார் தட்டினாலும் கதவைத் திறக்க எனக்குப் பயமாக இருக்கும்.

பெருநாள் தொழுகைக்குப் போகும்போது நல்ல உடுப்பாக உடுத்துங்கள். உம்மா உங்களை வீட்டுக்கு அனுப்பும்படிதான் கேட்பார். நான் கேட்பது வேறு. அல்லாஹ் உங்களை அங்கேயே நல்லபடியாக வைத்திருப்பானாக. ஆமீன்.

உங்கள் தங்கை,
ஜஹானா